முப்பத்தொன்றாம் உறை

மார்ச் 6

அன்புள்ள குருவிக்கு,

இங்கே யாவரும் நலம். நீயும் உன் கணவரும் பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருபத்து மூன்று வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. உன் அத்தானுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். அடுத்த கண்ணுக்குத் தேதி கேட்டிருக்கிறோம். அவ்வளவுதான்.

உன்னைக் குருவி என்று எழுதலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். நீ இப்போது மருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவுக்கே தலைமை என்றும், உன் கையெழுத்து இல்லாமல் ஒரு மாத்திரைகூட வெளியே போகாது என்றும் நம் பழைய இயக்குநர் சொன்னார். வீட்டு முகவரி அவரிடம் இல்லை. அதனால் தொழிற்சாலைக்கே எழுதுகிறேன். உன் ஆட்கள் முன்னால் பிரிக்க வேண்டாம், பெயர் பரவிவிடும்.

எழுதும் காரணம் அலுவல் சம்பந்தப்பட்டது. நீ சேகரித்து வைத்துவிட்டுப் போன அறுபத்து நான்கு லைக்கன் உறைகளும் அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடியில் பதினேழாம் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றுகூடப் பூச்சி அரிக்கவில்லை. இந்த வருடம் எங்களுக்கு ஒரு புது ஆய்வாளர் வந்திருக்கிறார். முப்பத்தைந்து வயதிருக்கும், டி.என்.ஏ. வேலை. மேல்கோட்டுப் பையில் மற்றவர்கள் பேனா செருகுவது போல, சொட்டு அளக்கிற பைப்பெட் குழாயைச் செருகிக்கொண்டு நடப்பதால் மாடியில் எல்லோரும் அவளைப் பைப்பெட் என்றுதான் கூப்பிடுகிறோம். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். பழைய வேதிப்பொருள் அறையைக் காலிசெய்து அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு உறைபதனப் பெட்டி, சுற்றிக்கொண்டே இருக்கிற ஒரு இயந்திரம், மேசைக்கு மேசை பிளீச் பாட்டில். கதவைத் திறந்தாலே "மேடம், மூச்ச விடாம நில்லுங்க" என்கிறாள்.

நம் பாறை லைக்கன்களின் இன எல்லைகளை டி.என்.ஏ. மூலம் சரிபார்ப்பது அவள் திட்டம். எது ஒரே இனம், எது வேறு இனம் என்று இதுவரை கண்ணாலும், வேதிப்பொருளைச் சொட்டினால் வரும் நிறத்தாலும் முடிவு செய்தோம். இனிமேல் மரபணுவைக் கேட்க வேண்டும் என்கிறாள். இதை வீட்டில் சொன்னபோது உன் அத்தான், "செத்துப்போன பாசிய எதுக்கு மறுபடியும் அறுக்கறீங்க?" என்றார். லைக்கன் வெறும் பாசி இல்லை, ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற வீடு, வெயிலில் சமைத்துப் போடுவது பாசி, ஆனால் வீட்டுக்குப் பெயர் பூஞ்சையின் பெயர்தான் என்று விளக்கினேன். "அப்படின்னா நம்ம வீடுதான். சமைக்கறது நான், வாசல்ல பலகை உன் பேர்ல" என்றார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அடுக்களை அவர் கையில். அதைச் சொல்லிக்காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது.

ஒவ்வொரு மாதிரியிலும் எள்ளளவு வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். வெட்டினால் திரும்ப வராது. விதிப்படி காப்பாளரான என் அனுமதி போதும். ஆனாலும் சேகரித்தவளிடம் ஒரு வார்த்தை கேட்பதுதான் முறை. அதோடு உன் குறிப்பேட்டை நீ எடுத்துப் போயிருக்கிறாய். இருபதிலிருந்து முப்பத்தைந்து வரையிலான உறைகள் பாறையின் எந்தப் பக்கத்தில் எடுத்தவை என்று உறையின்மேல் சுருக்கமாகத்தான் இருக்கிறது. குறிப்பேடு இருந்தால் பார்த்துச் சொல். இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

உன் பழைய கட்டுரையைப் பற்றிப் பேச நான் இதை எழுதவில்லை. உறைகளைப் பற்றித்தான்.

செப்டம்பர் கடைசியில் எனக்கு ஓய்வு. அதற்குள் இந்த வேலை முடிய வேண்டும் என்று பைப்பெட் அவசரப்படுகிறாள். சௌகரியப்பட்டால் சீக்கிரம் பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் நலம் நாடும்,
அக்கா

ஜூன் 19

அன்புள்ள குருவிக்கு,

உன் கடிதம் ஒன்பது நாளில் வந்துவிட்டது. கையெழுத்து மாறவே இல்லை, "ழ"வுக்கு இன்னும் வாலை நீட்டுகிறாய். அனுமதி கொடுத்ததற்கு நன்றி. "என் உறைகள்னு எதுவும் இல்ல அக்கா, அது மியூசியத்தோடது, வெட்டிக்கோங்க" என்று எழுதியிருந்தாய். உன் மகன் கணக்குப் படிக்கிறான் என்பதில் சந்தோஷம். குறிப்பேடு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும் என்று எழுதியிருந்தாய். அவசரமில்லை. வேலை முடிந்துவிட்டது.

எப்படி முடிந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் வரிசையாக எழுதுகிறேன்.

முதல் தவணையில் பன்னிரண்டு மாதிரிகளை வெட்டினாள். அதில் ஐந்து, பாறையில் வளர்ந்த பூஞ்சையாக வராமல், ரொட்டியில் பூக்கிற பூஞ்சையாக வந்தது. பைப்பெட் மூன்று நாள் அறையை பிளீச் போட்டுக் கழுவினாள். பக்கத்து அறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் அத்தனை பேரையும் கீழ்மாடிக்குத் துரத்தினாள். நானும் ஒருத்தி. பிறகு மறுபடி வெட்டி, கழுவி, அரைத்து, பூஞ்சையின் மரபணுவை மட்டும் பெருக்கி வாசித்தாள். பழைய மாதிரிகளில் டி.என்.ஏ. துண்டு துண்டாகிப்போயிருக்கும். அதனால் பன்னிரண்டு தேறவில்லை. ஐம்பத்திரண்டு உறைகள் தேறின.

ஒரு மரபணுவைப் பார்த்ததுமே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது போலிருந்தது. அவள் விடவில்லை. "ஒண்ணு மட்டும் சொன்னா அது வதந்தி மேடம். தனித்தனியா மூணு பேர கேக்கணும், மூணு பேரும் ஒண்ணே சொல்லணும்" என்றாள். மூன்றையும் வாசித்தாள். மூன்றாவது கொஞ்சம் முணுமுணுத்தது, ஆனால் மறுக்கவில்லை.

அந்தப் பழைய கட்டுரையில் நீ இரண்டு இனம் என்றாய். என் புத்தகத்தில் ஒரே இனம் என்றிருக்கிறது, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். டி.என்.ஏ. மூன்று என்கிறது.

முதல் கூட்டத்தில் இருபத்திரண்டு உறைகள். இரண்டாவதில் பதினெட்டு. இந்த நாற்பதில் முப்பத்தேழை நீ அன்றே சரியாகப் பிரித்திருக்கிறாய். தவறிய மூன்றும், பிளீச் விட்டால் உள்சதை ரோஜா நிறமாகும் என்ற சோதனையை நம்பிப் பிரித்தவை. அந்த நிறம் அங்கும் வருகிறது, இங்கும் வருகிறது, அதை நம்பக் கூடாது. ஆனால் லைக்கன் பரவுவதற்கான தூள் எங்கே வெடிக்கிறது என்று நீ சொன்னாயே, ஒன்றில் மடலின் விளிம்போடு உதடு போல, மற்றதில் மேற்பரப்பில் குவியல் குவியலாக, அது நிற்கிறது. மூன்றாவது கூட்டத்தில் பதினொரு உறைகள். இவற்றில் சிலவற்றை முதலாவதிலும் சிலவற்றை இரண்டாவதிலும் வைத்திருந்தாய். நாங்கள் யாரும் அதைத் தனியாகப் பார்த்ததே இல்லை. இப்போது மூன்று வாரமாக நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்க்கிறேன். பிரித்துக் காட்டும் அடையாளம் ஒன்றும் அகப்படவில்லை. மரபணுவில் தூரத்து உறவு, முகத்தில் இரட்டைப் பிள்ளை.

முப்பத்தொன்றாம் உறை உனக்கு நினைவிருக்கலாம். உள்ளங்கை அகலக் கல் சில்லு, அதன்மேல் இரண்டு லைக்கன்கள் விளிம்போடு விளிம்பு ஒட்டி வளர்ந்திருக்கும். இடமும் வலமும் தனித்தனியாக வெட்டினோம். இடது முதல் கூட்டம், வலது இரண்டாவது. அதனால் அந்த உறையை இரண்டு கணக்கிலும் ஒதுக்கி, தனியே குறித்திருக்கிறோம்.

ஆகவே நீ சொன்னது பெரும்பாலும் சரி. இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை பத்தி தேவைப்பட்டிருக்கிறது.

பைப்பெட் கட்டுரையை எழுத ஆரம்பித்துவிட்டாள். இரண்டாவது இனத்துக்கு, வெளிவராமல் போன உன் கட்டுரையில் நீ வைத்திருந்த பெயரையே வைக்க வேண்டும் என்கிறாள். அச்சில் வராத பெயருக்குச் சட்டப்படி எந்த உரிமையும் இல்லை. ஆனால் நீயும் ஆசிரியர்களில் ஒருத்தியாகச் சேர்ந்தால் அந்தப் பெயர் உன் பெயரிலேயே நிற்கும். ஒப்புதல் படிவம் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு.

மூன்றாவது இனத்துக்கு என் பெயரை வைக்கலாம் என்று அவள் நினைக்கிறாள். ஓய்வு பெறும் நாளில் அறிவிக்க வேண்டுமாம். இயக்குநரிடம் சொல்லிவிட்டாள், அவரும் மாலைக்கு ஆள் தேடுகிறார். நான் வேண்டாம் என்றேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உன் கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "இக்கட்டுரையாளர் தாம் காண விரும்பியதையே கண்டிருக்கிறார்" என்று உன் கட்டுரையை மறுத்த அறிக்கையில் இருந்த வரியை ஒரு எழுத்து மாறாமல் எழுதி, "இத எழுதினது யாருன்னு உங்களுக்கு எப்பவாவது தெரிய வந்துதா அக்கா?" என்று கேட்டிருந்தாய். மதிப்பீட்டாளர் பெயரை ஆய்விதழ்க்காரர்கள் அப்போது யாரிடமும் சொல்வதில்லை. இப்போதும் சொல்வதில்லை.

இங்கே வெயில் தணிந்துவிட்டது. அத்தானின் அடுத்த கண்ணுக்கு ஜூலை பத்து. உன் கணவருக்கும் மகனுக்கும் என் அன்பு.

உன் நலம் நாடும்,
அக்கா

ஜூலை 2

அன்புள்ள குருவிக்கு,

சென்ற கடிதத்தில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் மாதிரி ஒன்றைச் சொன்னேன். அந்த அறிக்கையை எழுதியது நான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதற்குமேல் அழகாக எழுத எனக்குத் தெரியவில்லை.

உன் கட்டுரை ஆய்விதழுக்குப் போய் ஒரு மாதத்தில், அதை மதிப்பிடச் சொல்லி அங்கிருந்து எனக்கு ஒரு தடித்த உறை வந்தது. அந்தப் பேரினத்தைத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான், அதில் ஒருவர் படுக்கையில் இருந்தார். நானும் நீயும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறோம், நான் பார்ப்பது முறையல்ல என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. வீட்டில் துணி அலமாரியில் ஏழு வாரம் வைத்திருந்தேன்.

அப்போது என் புத்தகம் அச்சுக்குப் போயிருந்தது. பதினொரு வருட வேலை என்று உனக்குத் தெரியும், அட்டவணைகளை நீதான் சரிபார்த்தாய். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரே இனம், உருவத்தில் மிகவும் மாறுபடுவது, நிழலும் ஈரமும் காரணம் என்று எழுதியிருந்தேன். உன் கட்டுரை வெளிவந்தால் அந்த அத்தியாயம் நிற்காது. அந்த அத்தியாயம் விழுந்தால் அதன் பின்னால் இன்னும் இரண்டு விழும்.

நான் நம்பித்தான் மறுத்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சென்ற கடிதம் எழுதும்வரை அதில் எனக்குக் குறை தெரியவில்லை. முப்பத்தொன்றாம் உறையைப் பற்றி எழுதிய பிறகு தெரிந்தது.

நீ ஒரு நாள் மதியம் சாப்பிடக் கீழே போயிருந்தபோது அந்த உறையை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஒரே கல், ஒரே வெளிச்சம், ஒரே ஈரம். இரண்டும் ஒட்டிக்கொண்டு வளர்ந்திருந்தன, ஒன்றில் தூள் விளிம்பில், ஒன்றில் மேலே. நிழலும் ஈரமும்தான் காரணம் என்றால் அந்தக் கல்லில் அப்படி இருக்க வழியே இல்லை. எனக்கு அது அரை நிமிடத்தில் புரிந்தது. உறையை மடித்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, நீ வரும்போது வேறு ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வாரக் கடைசியில் நான்கு பக்க அறிக்கை எழுதினேன். அதில் முப்பத்தொன்றாம் உறையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நீ கேட்ட அந்த வரி இருந்தது.

உன் தற்காலிகப் பணியை நீட்டிக்க ஒரு கட்டுரை அச்சில் வந்திருக்க வேண்டும் என்று குழு சொல்லியிருந்தது. எனக்குத் தெரியும். குழுவின் கடிதத்தை உன்னிடம் கொடுத்ததே நான்தான்.

அறிக்கை வந்த அன்று நீ அதை என்னிடம்தான் காட்டினாய். நான் படித்தேன், முதல் தடவை படிப்பவள் மாதிரி. "யாரோ பெரிய ஆள் போல இருக்கு, விட்டுத் தள்ளு" என்றேன். நீ முகம் கழுவிவிட்டு வந்து, "ஒருவேளை அவர் சொல்றது சரிதானோ அக்கா? எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு" என்றாய். அப்போதும் சொல்லவில்லை. உனக்குத் தேநீர் வாங்கி வந்தேன். நாற்பது நாள் கழித்து நீ அலமாரிச் சாவியை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாய்.

போன வெள்ளிக்கிழமை இதைப் பைப்பெட்டிடம் சொன்னேன். மூன்றாவது இனத்துக்கு என் பெயரை அவள் வரைவில் எழுதியே விட்டாள், வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லாமல் அவளை நிறுத்த முடியவில்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டு முழுவதும் கேட்டாள். "இத ஏன் மேடம் எங்கிட்ட சொல்றீங்க? கேட்டது அவங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கல்லுல ரெண்டு பக்கமும் வெட்டணும்னு சொன்னது நீங்கதானே, எனக்குத் தோணவே இல்ல" என்றும் சொன்னாள். அதை ஆறுதலாகச் சொன்னாளா, குற்றமாகச் சொன்னாளா தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

அத்தானிடமும் சொன்னேன். "இத்தன வருஷம் கழிச்சு இப்ப சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்றார். ஒருவர் கேட்டுவிட்டார், அதனால் சொல்கிறேன் என்றேன். பிறகு அவர், "அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்தா ரெண்டு தடவ கேட்டு வாங்கி சாப்பிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மன்னிப்பு என்ற சொல்லை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் நீ அதற்கும் பதில் போட வேண்டியிருக்கும். படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடு. கட்டுரை உன்னுடையது, உறைகள் உன்னுடையவை, நீ கண்டது கண்டதுதான். என்மேல் உள்ள கோபத்தில் அதை விட்டுவிடாதே. அது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

அக்கா

நவம்பர் 14

அன்புள்ள குருவிக்கு,

உன் பொட்டலம் ஆகஸ்ட் எட்டாம் தேதி வந்தது. கையெழுத்திட்ட படிவம், குறிப்பேடு, அரைப் பக்கக் கடிதம். முந்தைய கடிதத்தில் அக்கா என்றிருந்தது, இதில் மேடம் என்றிருந்தது. நீ எழுதியது ஐந்து வரி. "படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கட்டுரையில் உங்கள் பெயர் இருக்கக் கூடாது. நன்றி சொல்லும் இடத்திலும் கூடாது. வீட்டை விற்று, மகனுக்கு ஒரு வயதாக இருக்கும்போது ஊர் மாறி, புது வேலை தேடி இரண்டு வருடம் அலைந்தோம். இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது." எனக்கு மனப்பாடம்.

நீ கேட்டபடி செய்தாயிற்று. என் பெயரை எடுக்கச் சொன்னபோது பைப்பெட் மறுபேச்சுப் பேசவில்லை. கட்டுரை அக்டோபர் இறுதியில் வந்தது. இரண்டு பெயர்கள், உன்னுடையது முதலில். பிரதி ஒன்றை அவள் உனக்கு அனுப்பியிருக்கிறாள். ஆறாம் படத்தைப் பார். முப்பத்தொன்றாம் உறையின் கல், முழுப் பக்கத்துக்கு. இரண்டாவது இனம் இனி நீ வைத்த பெயரில் நிற்கும், அதன் பின்னால் உன் பெயரும் நிற்கும். அதை எடுக்க வேண்டுமென்றால் இனி யாராவது மூன்று மரபணுவோடு வர வேண்டும்.

ஆய்விதழின் அப்போதைய ஆசிரியர் இறந்துவிட்டார். இப்போது இருப்பவருக்கு நடந்ததை எழுதி என் பெயரையும் போட்டு அனுப்பினேன். வருத்தத்துடன் பதிவு செய்துகொண்டதாக இரண்டு வரி பதில் வந்தது. இயக்குநரிடமும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "மேடம், நீங்க ரிட்டயர் ஆகற நேரத்துல இதெல்லாம் தேவையா?" என்றார். தேவை என்றேன். விழா வேண்டாம் என்பதற்கு அவருக்கும் ஒரு காரணம் கிடைத்தது. கடைசி நாள் மாலை ஐந்தரைக்குச் சாவிகளைப் பைப்பெட்டிடம் கொடுத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். மின்தூக்கி அன்றும் வேலை செய்யவில்லை.

என் புத்தகத்தின் அருங்காட்சியகப் பிரதியில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு ஒரு திருத்தச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். மற்ற நூலகங்களுக்கும் அனுப்பினேன். எத்தனை பேர் ஒட்டுவார்கள் என்று தெரியாது.

அத்தானுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. வீட்டில் இத்தனை தூசி இருப்பது இப்போதுதான் தெரிகிறது என்று நாள் முழுக்கத் துடைக்கிறார். நான் வாரத்தில் இரண்டு நாள், விருந்தாளிச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டாம் மாடிக்குப் போகிறேன். பைப்பெட் மறுப்பதில்லை. அவள் அறைக்குள் மட்டும் இன்னும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

இனி எழுத வந்த விஷயம்.

மூன்றாவது கூட்டத்துக்குக் கட்டுரையில் பெயர் வைக்கவில்லை. மரபணுவில் தனி என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் ஒன்றாவது கிடைத்த பிறகு பெயர் வைக்கலாம் என்பது பைப்பெட்டின் முடிவு. டி.என்.ஏ. போதாதா என்று கேட்டேன். "எனக்குப் போதும் மேடம். ஆனா பாறைக்கு முன்னாடி நிக்கறவங்க கையில லென்ஸ்தானே இருக்கும்" என்றாள். அவள் ஒரு மாதம் பார்த்தாள், நான் ஐந்து மாதம் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

உன் குறிப்பேட்டைப் பைப்பெட் பிரதி எடுத்துக்கொண்டாள். மூலத்தை உனக்கே திருப்பி அனுப்புகிறோம். அதை ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து படித்தேன். அறுபத்து நான்கு உறைகளில் பத்து எண்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னக் கேள்விக்குறி போட்டிருக்கிறாய். வேறு ஒரு விளக்கமும் இல்லை. அந்தப் பத்தில் ஒன்பது, மூன்றாவது கூட்டத்துப் பதினொன்றில் வருகின்றன. பைப்பெட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இருபத்தொன்பது வயதில் உன் கண் எதையோ பார்த்து நின்றிருக்கிறது. எதை என்று அப்போது உனக்கே தெரிந்திருக்காது. இன்னும் ஒரு வருடம் இங்கே இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்தப் பதினொரு உறைகளையும் இன்று பதிவுத் தபாலில் அனுப்புகிறோம். அருங்காட்சியகத்தின் இரவல் படிவம் உள்ளே இருக்கிறது, பைப்பெட் கையெழுத்திட்டிருக்கிறாள், ஒரு வருடத் தவணை, வேண்டுமானால் நீட்டிக்கலாம். ஒரு நல்ல கை லென்ஸும் வைத்திருக்கிறேன். பார்க்க மனமில்லையென்றால் பிரிக்காமலே திருப்பி அனுப்பலாம். பார்த்தால், கண்டதைப் பைப்பெட்டுக்கு எழுது. எனக்கு எழுத வேண்டியதில்லை.

மாதிரிகளை நீ போட்ட மடிப்பிலேயே விட்டிருக்கிறேன். நான் இடையில் செருகியிருந்த சீட்டுகள் அத்தனையையும் எடுத்துவிட்டேன். எந்த உறையிலும் என் கருத்து ஒன்றும் இல்லை.

நன்றாக இரு.

இப்படிக்கு,
முன்னாள் காப்பாளர்,
இரண்டாம் மாடி